விராலும் எருமையும்

ஆற்று மணலை அள்ளிய பிறகு, மழையும் பொய்த்து, பாலத்தடியில் ஒரு குழித் தண்ணீர்தான் மிச்சம். அதில் ஒரு விரால் சிவப்புக் குஞ்சுகளோடு கிடக்கிறது. மூச்சுக்கு அது மேலே வந்தே தீரும், பார்த்தவன் விடமாட்டான். அதனால் காலையிலேயே எருமையை அதில் இறக்கிக் கலக்கிவிட்டு நானும் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொள்வேன். நேற்று தூண்டிலோடு வந்தான் செவத்தியான். தம்பி மகன்தான், அதற்காக நம்பிவிட முடியுமா?

"பெரியப்பா, மீன் கெடக்கா?"

"எருமை மூத்திரம் கெடக்கு. எறங்கு."

எருமைக்குப் பக்கத்தில் 'களுக்'கென்று தண்ணீர் உடைந்தது.

"அது என்ன?"

"எருமை குசு விடுது. மோந்து பாக்குறியா?"

காறித் துப்பிவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கிற ஆள் அவன். குஞ்சுகள் கூட்டமாக என் தொடையில் உரசிக்கொண்டு போயின. கூச்சம் தாங்கவில்லை, அசையாமல் இருந்தேன்.