தோத்தாத்ரியின் புகார்

"அக்கா, அந்தப் பெரியவரு இன்னிக்கும் நாற்காலிய இழுத்துக்கினு கிட்ட வந்துட்டாரு!"

கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சொன்னான், ஒத்திகைக்கு வந்திருந்த சிட்டிபாபு. நூலகர் ஹில்டா அவசரமாக எழுந்தாள்.

அறுபத்தெட்டில் பல்லாவரத்தில் அந்த நூலகம் ஒரு வாடகை வீட்டின் இரண்டு அறைதான். முன்னறையில் பேப்பர், பின்னறையில் புத்தகம்.

பெரியவர் தோத்தாத்ரி, ரிடையரான ரயில்வே கார்டு. மாலையானால் முன்னறையில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிளாட்பாரத்தில் டீ ஆறியிருந்ததற்கே ஸ்டேஷன் மாஸ்டர் வரை போனவர் என்று ஊரில் பேச்சு.

பின்னறையில் நடப்பதோ கூத்து ஒத்திகை. தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் நூலகத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே என்று ஹில்டாவுக்கு ஆற்றாமை. கூத்து வாத்தியார் குப்புராஜைப் பிடித்தாள். பசங்க புத்தகம் படிக்கணும், படித்த ருசியில் தாங்களே ஒரு கதை கட்டணும், வாத்தியார் அதை ஆடக் கற்றுக்கொடுப்பார். ஏற்பாடு அவ்வளவுதான்.

கதை தினம் கொஞ்சமாக வளர்ந்தது. அனகாபுத்தூர் நெசவுக்காரப் பெண் ஒருத்தி, அக்கரையில் பிரசவ வலியில் கிடக்கும் அக்காவுக்காக அடையாற்று வெள்ளத்தில் இறங்கியிருந்தாள்.

கூத்தென்றால் மிருதங்கம் அதிரத்தானே செய்யும்?

"ஏம்மா, உள்ளே..." என்று முதல் தடவை தோத்தாத்ரி ஆரம்பித்ததுமே ஹில்டா முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார், இனிமே சத்தம் வராது!"

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் நாற்காலி கதவுப் பக்கம் நகர்ந்தது.

"ஏம்மா, உள்ளே..."

"ஸாரி சார், ஸாரி சார்!"

ஜன்னலும் சாத்தப்பட்டது. மிருதங்கத்தின் மேல் துண்டு விழுந்தது. பசங்க கிசுகிசுத்துப் பாடினார்கள். கூத்துப் பாட்டைக் கிசுகிசுத்துப் பாடிப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் கொடுமை.

இன்றைக்கு நாற்காலி கதவையே ஒட்டிவிட்டது. ஹில்டா வெளியே வந்தாள். தோத்தாத்ரியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"உங்கிட்ட பேசிப் பிரயோஜனமில்லை. உங்க ஆபீசரையே பார்த்துக்கறேன்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பசங்க முகம் வாடிப்போனது. "எங்களால உங்க வேலைக்கு பேஜாரு வேணாம்க்கா. நாங்க வரல, வுட்டுருங்க," என்றான் சிட்டிபாபு.

"பேசாம உட்காரு. வந்தா பார்த்துக்கலாம்."



அடுத்த வாரமே அதிகாரி சாம்பசிவன் வந்து இறங்கினார். கூடவே தோத்தாத்ரி.

"விசாரிச்சேம்மா. சார் சொல்ற புகார் நியாயமாத்தான் இருக்கு," என்றார் அதிகாரி.

சிட்டிபாபு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். ஹில்டாவுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, குறுக்கே போய் நின்றாள்.

"சார், என்னை வேணா வேற ஊருக்கு மாத்திடுங்க. இவங்களை அனுப்பாதீங்க. இதுக்கு முன்னாடி புத்தகத்தையே தொடாதவங்க சார், இப்ப மூடச் சொன்னாலும் மூடமாட்டேங்கிறாங்க. கதவைச் சாத்தியாச்சு, ஜன்னலைச் சாத்தியாச்சு. இன்னும் வேணும்னாலும் சத்தத்தைக் குறைச்சுக்கறோம்."

"ஐயோ, அதைத்தானேம்மா செய்யாதேங்கறேன்!" தோத்தாத்ரி தலையில் அடித்துக்கொண்டார். "நான் கிட்ட கிட்ட வரேன், நீ ஒவ்வொண்ணா சாத்திண்டே போறே. வாயைத் திறந்தா மன்னிப்புக் கேக்கறே. ஒரு வாரமா ஒரு வரி காதுல விழலை, எனக்குத் தூக்கமே வரலை. முதல்ல இதைச் சொல்லு, அந்தப் பொண்ணு கரையேறினாளா, இல்லையா?"