கழுவி வந்த டப்பா

"வீட்ல அவளுக்கு என்னதான் குடுக்குறீங்க?" என்று கேட்டார் பள்ளியின் மனநல ஆலோசகர்.

என்னவோ நான் மகளுக்கு வெடிமருந்து ஊட்டி வளர்ப்பதுபோல.

நேற்றுக் கடைசிப் பாடவேளையில் என் மகள் ஜாமெட்ரி பாக்ஸை வீசி ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறாள். காலையில் சாதுவாக இருப்பாளாம். மதியத்துக்கு மேல்தான் தினமும் இந்தக் கூத்தாம். இன்னொரு முறை நடந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களாம்.

நான் பேக்கரியில் வேலை பார்க்கிறேன் என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. திருடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் அல்லவா! கிரீம் பன், கேக், கலர் மிட்டாய் எல்லாம் பிள்ளைகளின் புத்தியைக் கெடுக்கும் என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் முழுக்க அடுப்புச் சூட்டில் வெந்து, அந்த வாசனையே வெறுத்துப்போனவள் நான். கடையிலிருந்து ஒரு துண்டு கேக் வீட்டுக்கு வந்ததில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவில் ரொட்டி, இரண்டு அவித்த முட்டை, ஒரு பழம். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத பெண், அந்த டப்பாவை மட்டும் தினமும் பளிச்சென்று கழுவிக்கொண்டு வருகிறாள். பொறுப்பு வந்துவிட்டது என்று கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தனையும் சொன்னேன். அவர் காதில் ஏறவே இல்லை.

தன் பெண்ணின் புராணத்தை ஆரம்பித்தார். அவளும் இதே வகுப்புதான். சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது, மதியத்துக்கு வேகவைத்த காய் மட்டும். அவள் எத்தனை சாந்தம், போய்ப் பாருங்கள் என்றார்.

என் மகள் என் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? எனக்கு அவள்மேலும் கோபம்.

மதிய இடைவேளை முடிந்து மணி அடித்தது. உணவு அட்டவணை ஒன்று தருகிறேன் என்று ஆலோசகர் எழுந்து, கதவையொட்டி இருந்த அலமாரியில் தேடப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, அலமாரியையும் அவரையும் சேர்த்து மறைத்தது.

ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஆலோசகரின் அதே மூக்கு, அதே நெற்றி. அம்மாவின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்ததும் தைரியமாக உள்ளே வந்தாள்.

கையில் எங்கள் வீட்டு டப்பா. அப்போதுதான் கழுவியிருக்கிறாள், ஈரம் சொட்டியது.

"ஆன்ட்டி, எங்கம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாளையிலேர்ந்து எனக்கு ஒரு முட்டை போதும், இன்னொண்ணு அவளே சாப்பிடட்டும்."

கதவுக்குப் பின்னால் காகிதம் புரளும் சத்தம் நின்றது.