பட்டினி போட்ட செடி

அயோடின் விழுந்த இடமெல்லாம் இலை கருநீலமாக மாறியது.

மாறியிருக்கக் கூடாது.

இரண்டு நாள் இருட்டில் பட்டினி போட்ட செடியின் இலை அது. வெளிச்சம் இல்லையென்றால் ஒளிச்சேர்க்கை இல்லை, புதிதாக மாவுச்சத்து உண்டாகாது, சேர்த்துவைத்ததையும் செடி தின்று தீர்த்துவிடும், அயோடின் விட்டாலும் இலை கறுக்காது என்று ஒன்பதாம் வகுப்புக்கு இப்போதுதான் அடித்துச் சொல்லியிருந்தேன்.

முதல் பெஞ்சுக்காரி எழுந்தாள். "டீச்சர், பட்டினி கெடந்த மாதிரியே தெரியலையே. மூணு வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருக்கும் போல."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். இன்னொரு இலையைப் பறித்து வெந்நீரில் போட்டேன். ஸ்பிரிட்டில் அதன் பச்சையெல்லாம் இறங்கும்வரை காத்திருந்து, அலசி, மறுபடி சொட்டு விட்டேன்.

அதுவும் கறுத்தது.

எங்கள் வீட்டில் மாமனார் அறையைவிட இருட்டான இடம் கிடையாது. அறுவை சிகிச்சை பலிக்காமல் இரண்டு கண்ணும் போனதிலிருந்து அந்த ஜன்னலில் கனத்த போர்வை தொங்குகிறது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது என்று மாமாவே தொங்கவிடச் சொன்னார்.

திங்கட்கிழமை மாலை அந்த அறையின் அலமாரி மேல் செடியை வைத்தேன். இன்று காலை கறுப்புத் துணி போட்டு மூடி எடுத்துவந்தேன். பகலெல்லாம் வீட்டில் இருந்தது மாமா மட்டும்தான்.

யாரோ போர்வையை விலக்கியிருக்கிறார்கள். செடியை வெயிலில் வைத்திருக்கிறார்கள்.

தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை.

செடி அங்கே இருப்பதை மாமாவிடம் சொல்லவும் இல்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் வைத்தேன். கண் தெரியாத மனுஷரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அயோடின் புட்டியை மேசையில் வைத்தேன்.

மாமாவுக்குக் கண் தெரிகிறது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எத்தனை நாளாகத் தெரிகிறது?

கப்பலில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் செய்தியை நான் தினமும் மாலையில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதைக் கேட்டால்தான் சாப்பாட்டில் கை வைப்பார். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வேன். கூடத்து விளக்கின் வெளிச்சம் என் மேல் விழும்.

என் கணவர் இறந்து ஏழு மாதமாகிறது.

மாமாவின் இதயம் எந்த அதிர்ச்சியையும் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மறைத்துவிட்டேன். அன்றிலிருந்து நானே இட்டுக்கட்டி வாசிக்கிறேன். பார்க்க முடியாதவர் முன்னால் போன் எதற்கு? வெறும் கைகளை மடியில் போட்டுக்கொண்டுதான் வாசிப்பேன். குரல் பிசகாமல், கண்ணீரைத் துடைக்காமல் வாசித்த நாட்களும் உண்டு.

நேற்று வாசித்து முடித்த பிறகு மாமா வெகுநேரம் என் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"கடைசி வரிய இன்னொரு தடவ படிம்மா" என்றார்.

அந்த வரியைத் தேடுவதுபோல் ஒரு நொடி நிறுத்திவிட்டு, படித்தேன்.