பங்களாத் துவக்கு

பைக்குள் லீக்ஸ் காய்கறிக் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள் ஜீவராணி. பிரித்துப் பார்த்த சூசைரட்ணம், முதல் வேலையாகப் போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

நுவரெலியாவில் பழைய சாமான் என்றால் அவர் கடைதான். ஊரை விட்டுப் போன தேயிலைத் தோட்டத் துரைமார்களின் கடிகாரங்களும் விளக்குகளும் அங்கே தூசு தின்றுகொண்டிருக்கும். இளவயதில் கொழும்பில் துப்பாக்கி விற்கும் துவக்குக் கடையொன்றில் வேலை பார்த்தவர். ஆனால் லீக்ஸ் வாசனையோடு ஒரு கைத்துவக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"யாருதும்மா இது?"

"எங்க வீட்டுக்காரரு நல்லமுத்துவோடதுங்க. தோட்டத்துப் பங்களாவுல காவலுக்கு வாச்சரா இருந்தாரு. பழைய தொரை போகையில குடுத்துட்டுப் போனாராம்."

"அவரு வரலியா?"

"தவறிட்டாருங்க. குடிச்சிட்டுப் படுத்தவரு எழும்பல. தலகாணிய எடுக்கையில கீழ இது இருந்திச்சு. நேத்துத்தான் கருமாதி முடிஞ்சிச்சு."

அழுகையும் இல்லை, நடுக்கமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். பாவம், மரத்துப் போய்விட்டாள் என்று சூசைரட்ணத்துக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

எண்ணெய் தொட்ட துணியால் துவக்கின் பக்கவாட்டைத் தேய்த்தார். எழுத்துகள் தெரிந்தன. மனக் கஷ்டம் போய் ஆசை வந்தது.

"ஜெர்மன் சாமான்மா! ஒலக யுத்தத்துல செஞ்சதா இருந்தா, கேட்ட வெல கெடைக்கும்."

"வெல வேணாங்க. இது சுடுமா, சுடாதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

விற்க வருகிறவர்கள் முதலில் இப்படித்தான் விலையே வேண்டாம் என்பார்கள். அவர் பார்க்காததா!

"இத வச்சு அவரு என்னதான் செஞ்சாரு?"

"குடிச்சா இதக் காட்டித்தாங்க பேச்சு. எனக்கும் சரி, மக லோஜினிக்கும் சரி. லயத்து வீடுகள்ல இருந்து ஒரு ஆளும் கிட்ட வரமாட்டாங்க. பங்களாவுல இருந்து வந்த சாமான் பொய்யா இருக்குமுன்னு யாருங்க நெனப்பா?"

அவர் இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ஆசை பாதியாகக் குறைந்தது.

"மேற்கு ஜெர்மனின்னு போட்டிருக்கு. யுத்தம் முடிஞ்சு, நாடு ரெண்டா இருந்தப்ப செஞ்சது."

அதை அடுத்து ஒரு சின்ன வட்டம், அதற்குள் மூன்று எழுத்து, ஓர் இலக்கம். பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்ததும் மீதி ஆசையும் போயிற்று. குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தவர், வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்த வட்ட முத்திரைய, சத்தம் மட்டும் போடுற துவக்குக்குத்தாம்மா அடிப்பாங்க. ஓட்டப் போட்டி தொடங்கி வைக்க, கொரங்கு வெரட்ட வாங்குறது. கொழாய அடச்சே செஞ்சிருக்கான். குண்டு வெளிய வர வழியே இல்ல."

ஜீவராணி குனிந்து பார்த்தாள். குழாயின் குறுக்கே உருக்குத் துண்டு பளிச்சென்று தெரிந்தது.

"அப்ப, இதால யாரையும் கொல்ல முடியாதுங்களா?"

"ஒரு காக்காயக்கூட முடியாது. பொலிசுல ஒப்படைச்சிட்டு, மகளோட நிம்மதியா இருங்க. இனி என்னம்மா பயம்?"

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே குரலில் சொன்னாள்.

"விடிஞ்சதும் எங்க ரெண்டு பேரையும் சுடுறேன்னுட்டுத்தாங்க படுத்தாரு. அதான் நான் முந்திக்கிட்டேன்."