ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

மோனிஷா என்டர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

“என்னம்மா, கீபோர்டுக்குப் பூஜை போட்டுகினு கீறியா? தட்டு,” என்றார் திலீப் சார்.

திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஏழு கணினிகள் கொண்ட மென்பொருள் நிறுவனம் அவருடையது. மோனிஷாவும் நானும் ஐ.டி. கடைசி வருடம். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்தோம். முடிவில் வேலை உண்டு, ஆனால் ஒருவருக்குத்தான். அடுத்த நாள் கடைசி நாள்.

அவள் முன்னால் இருந்தது ஒரு தனியார் மருத்துவமனையின் நோயாளிகள் பட்டியல். பதினோராயிரம் பேர். நாலு மணிக்குள் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும்.

சுத்தம் என்றால் இதுதான். ஒருவர் போன வருடம் வந்து பதிந்திருப்பார். சீட்டைத் தொலைத்துவிட்டு இந்த வருடம் புதிதாகப் பதிவார். பட்டியலில் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். அப்படிப்பட்ட பதிவுகளைத் தேடிப்பிடித்து, புதியதை வைத்துக்கொண்டு பழையதை நீக்க வேண்டும்.

போன் எண்ணை வைத்துத் தேட முடியாது. ஒரு போனை வீடே பயன்படுத்தும். சிம்மும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சார் ஒரு விதி எழுதியிருந்தார். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள்.

எளிமையான, அழகான விதி. தட்டினால் பத்து நொடியில் வேலை முடியும்.

“சார், ஜூன் ஒண்ணாந்தேதி மட்டும் எண்ணூத்திப் பன்னெண்டு பேர் பொறந்திருக்காங்க,” என்றாள் மோனிஷா.

“நல்ல முகூர்த்தமா இருந்திருக்கும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பதினோராயிரத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு முப்பது பேர்தான் வர வேண்டும். பட்டியலைத் தேதிவாரியாக எண்ணிப் பார்த்திருக்கிறாள். அரை நிமிட வேலை. எனக்குத் தோன்றவில்லை.

காரணத்தையும் அவளே சொன்னாள். பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது, கை தலையைச் சுற்றிப்போய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் ஜூன் ஒன்றையே வாத்தியார் பிறந்த தேதியாக எழுதிக்கொள்வார். பெயருக்கும் இங்கே குறைவில்லை. மலைமேல் முருகன் இருக்கிற ஊரில் தெருவுக்கு நாலு தணிகைவேல்.

“கதை நல்லாத்தான் கீது. ஆனா மணி மூணே முக்கால். விதியெல்லாம் சரிபாத்தாச்சும்மா. இதை முடிக்கலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். காலேஜ்ல மார்க் வராது, தெரியுமில்ல?”

“தெரியும் சார். ரெண்டே ரெண்டு போன் பண்ணிக்கறேன்.”

திரையில் இரண்டு வரிகளைக் காட்டினாள். இரண்டிலும் தணிகைவேல், தந்தை கிருஷ்ணன், 1-6-1968. புதிய பதிவில் சர்க்கரை மாத்திரை. நீக்கப்படவிருந்த பழைய பதிவில் சிவப்பாக ஒரு குறிப்பு: பென்சிலின் ஊசி ஆகாது.

என் போனையும் வாங்கி, இரண்டு எண்களுக்கும் ஒரே சமயத்தில் போட்டு, இரண்டையும் ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஆங், தணிகைவேல்தான் பேசறேன்.”

இரண்டு போனிலிருந்தும் ஒரே சமயத்தில் இதே பதில் வந்தது. ஒன்றின் பின்னால் விசைத்தறி தடதடத்தது. மற்றதன் பின்னால் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது.

“யாருங்க அது? நான் பேசறதே எனக்குத் திரும்பிக் கேக்குது,” என்றார் தறிக்காரர். “லைன் சரியில்ல போலகீது.”

“எனக்கும் அப்டித்தான் கேக்குது,” என்றார் டிராக்டர்காரர்.

திலீப் சார் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு மோனிஷாவின் கீபோர்டைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். கை தவறிக்கூட யாரும் தட்டிவிடக் கூடாது.

அவள் அதற்குள் தறிக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், பென்சிலின் ஆகாது என்பது அவருக்குத்தானா என்று. அவருக்குத்தான். ஒருமுறை ஊசி போட்டு மயங்கி விழுந்திருக்கிறார்.

மதிப்பெண் போகும், வேலை போகும் என்று தெரிந்துதான் விரலை எடுத்திருக்கிறாள். குரல்கூட உயரவில்லை. அவளைப் போல ஒருநாள் நானும் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சார் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை, குழப்பம்தான்.

மருத்துவமனைக்கு இரண்டு கிளைகள். முதல் கிளையின் பட்டியலைத் திங்கட்கிழமை என்னிடம் கொடுத்திருந்தார். விதி சரியா என்று பார்க்க, தட்டுவதற்கு முன் பத்து ஜோடிகளுக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னார். எழுதியது அவரே என்றாலும், விதியை நம்பாமல் ஆளைக் கேள் என்றார். அன்று மத்தியானமே அறுநூற்று ஐந்து பதிவுகளை நீக்கி முடித்தேன். எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். வேலை உனக்குத்தான் கிங்ஸ்லி என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

“பத்து ஜோடியும் ஒரே ஒரே ஆளுதான்னு சொன்னியேப்பா,” என்றார் இப்போது.

“நான் யாருக்கும் போன் போடல சார்.”

வேலை யாருக்கு என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

நீக்குவதற்கு முன் எடுத்துவைத்த நகல் என்னிடம் இருந்தது. அதைத் திறந்து, நீக்கியவற்றில் முதல் பதிவின் எண்ணைப் போட்டேன். மூன்றாவது மணியில், நான் இல்லாமல் ஆக்கியிருந்த ஒருவர் எடுத்தார்.

“சொல்லு நைனா,” என்றார்.