முப்பத்தொன்றில் ஒருத்தி

2019ஆம் ஆண்டு அக்டோபர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழையும் வரவில்லை, காற்றும் அசையவில்லை.

மாணவி ஒருத்தியின் தாயான பல் மருத்துவருக்கோ அந்தப் புழுக்கத்தைவிட மனப் புழுக்கம் பெரிதாக இருந்தது. ஆறாம் வகுப்பு வாசலில் நின்றபடி கைப்பேசியை எடுப்பதும் மீண்டும் கைப்பைக்குள் போடுவதுமாக இருந்தார். கிளினிக்கில் நோயாளிகள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். தம் மகள் ஒரு வாரமாக வகுப்பில் தனியாக நிற்கிறாள் என்று இன்னொரு மாணவியின் தாய் சொன்னதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மணி அடித்தது. கணக்கு ஆசிரியை கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டியபடி வெளியே வந்தார்.

“டீச்சர், என் பொண்ணு என்ன தப்பு செஞ்சா?”

“ஒண்ணும் செய்யலையே, டாக்டர்.”

“அப்புறம் ஏன் தினமும் அவ மட்டும் சுவரோரமா நிக்கிறா?”

“அதுவா? பகா எண் பாடம் நடக்குது. பிள்ளைங்களையே எண்ணா வெச்சு வரிசை பிரிக்கிறோம். முப்பது பேரா இருந்தப்ப காரணிகள் நிறைய. இப்ப முப்பத்தொண்ணு. ஆறு ஆறா நின்னாலும் ஒருத்தர் மிச்சம், பத்துப் பத்தா நின்னாலும் ஒருத்தர் மிச்சம்.”

“மிச்சம்னு சொல்றதுக்கு அது என்ன பழைய சாமானா? குழந்தை, டீச்சர். ஒரு பிள்ளையை ஒதுக்கி வெச்சா அது மனசு என்ன பாடு படும்? படிச்சவங்க நாமளே இப்படிச் செய்யலாமா?”

ஆசிரியை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மருத்துவரே தொடர்ந்தார்.

“அந்தப் புதுப் பொண்ணு வந்ததாலதானே முப்பத்தொண்ணாச்சு? எங்க கிளினிக்ல தரை துடைக்கிறவங்களோட பொண்ணு. அவளையே தனியா நிறுத்துங்களேன். கடைசியா வந்தவ அவதானே?”

“நான் யாரையும் நிறுத்துறதில்லை, டாக்டர். யார் வெளியில நிக்கிறீங்கன்னு கேட்பேன். உங்க பொண்ணுதான் முதல் ஆளா வந்துடுறா. காரணம் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. நீங்களே கேட்டுப் பாருங்க.”

ஆசிரியை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்பிற்குப் போனார்.

மகள் வந்தாள். மருத்துவர் அவளைத் தூணருகே இழுத்துக்கொண்டு போனார்.

“உனக்கு என்னடி தலையெழுத்து? எல்லாரும் வரிசையில நிக்கிறப்ப நீ மட்டும் ஏன் சுவரைக் கட்டிக்கிட்டு நிக்கிற?”

மகள் புத்தகப்பையின் வாரைத் திருகினாள்.

“திட்டக் கூடாது.”

“திட்டலை. சொல்லித் தொலை.”

“முதல் நாள் அந்தப் புதுப் பொண்ணு என் பக்கத்துல வந்து நின்னாம்மா. அவகூட நிக்காதே, பழகாதேன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தீங்க. எப்படியும் யாராவது ஒருத்தர் வெளியில போயாகணும். அவளைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் நானே போயிட்டேன்.”

கைப்பைக்குள் கைப்பேசி அடித்தது. மருத்துவர் அதை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

“நாளைக்கு நீ வரிசையில நில்லு.”

“எங்கேம்மா?”

“எங்கே இடம் கிடைக்குதோ அங்கே.”

மறுநாளும் ஒருத்தி மிஞ்சத்தான் செய்தாள். முப்பத்தொன்று என்றும் முப்பத்தொன்றுதானே. அன்று சுவரோரம் நின்றவள் வகுப்புத் தலைவி. மருத்துவரின் மகள் மூன்றாம் வரிசையில், புதியவளின் தோளோடு தோள் உரச நின்றாள்.