ஆள் உயர மெழுகுவர்த்தி

நூல் உச்சந்தலையில் தொடங்கியது. கழுத்து, இடுப்பு. தொடையோடு நின்றுவிட்டது.

அதற்குக் கீழே அளக்க ஒன்றுமில்லை.

மெழுகுக் கடைக்காரர் நூலைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவள் அவள். உட்கார்ந்திருப்பவன் புருஷன், தஸ்நேவிஸ். போன மழையில் லாரி ஏறி இரண்டு காலும் போயிற்று.

“நான் ஆறடி அண்ணாச்சி. பழைய அளவுக்கே ஊத்துங்க” என்றான் அவன்.

நேர்ச்சை அவளுடையது. ஏழு கிலோ மெழுகு, புருஷன் உயரத்துக்கு. அளவு பிசகினால் மாதாவிடம் கடன் தீராது.

தன் உயிருக்காகத்தான் நேர்ந்தாள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பெருமைதான், இருக்காதா பின்னே.

கடைக்காரர் தொழில் பேசினார்.

மெழுகு அதேதான். நெட்டையாக ஊற்றினால் மெலியும், வெளிப்புறம் கூடும். ஜிகினாத் தாள் அதிகம் சுற்ற வேண்டும். வெயிலும் அதிகம் பிடிக்கும், கோயிலை எட்டுமுன் வளைந்துவிடும். குட்டை என்றால் தடிக்கும், வெளிப்புறம் குறையும்.

“அதுக்காக உயரம் பாதியானா தாளும் பாதியாயிராது. சுத்தளவு பெருக்குதுல்லா. பத்து தாள் எடத்துல ஏழு தாளாவது வேணும்.”

“குட்டையாவே ஊத்துங்க” என்றாள்.

“ஏட்டி, மாதா முன்னால என்னைய இப்பிடியா நிப்பாட்டப் போற?”

அவள் அவனைப் பார்க்கவில்லை. நூலை வாங்கினாள். தொடை முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். இறுக்கி இன்னொரு முடிச்சு.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பாவம், காணச் சகிக்கவில்லை.

அவளுக்குச் சகித்தது.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“உயிரு பொழைச்சதுக்குத்தானம்மா நேர்ச்ச? முழு உயரத்துக்கே குடுத்திருவமே.”

“பொழைச்சதுக்கு இல்ல அண்ணாச்சி.”

முடிச்சிட்ட நூலை அவர் கையில் வைத்தாள்.

“லாரி ஏறுறதுக்கு முந்துன வாரம் நேர்ந்தது. இவிய இனிமே என்னைய மிதிக்கக் கூடாதுன்னு.”

தஸ்நேவிஸ் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

கடைக்காரர் குட்டை அச்சைத் தேடி எடுத்தார்.